சிலிண்டர் பக்கத்து மேசை

பிப்ரவரி 12, வியாழன் காலை
பூங்கா வடக்கு வாசலுக்கு எதிரே உள்ள லாட்ஜ்

அன்புள்ள மகளுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். போடு, ஆனால் படித்துவிட்டுப் போடு. என் நம்பரைத்தான் தடுத்து வைத்திருக்கிறாயே, அதனால்தான் இந்தக் காகிதம். பூங்கா வாசலில் ஜூஸ் போடுகிற அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்குங்க கடுதாசி?" என்று கேட்டார். அது பெரிய கதைம்மா என்றேன். "அப்ப உட்காருங்க, சொல்லுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தப்பித்து வந்தேன்.

நான் உன்னைத் தேடி வரவில்லை. ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் டூரில் வந்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி, கழுத்தில் அட்டை. நீ இந்த ஊரில், பூங்கா மைதானத்து இரவுச் சந்தையில் சூப் கடை வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. டூர் போகும் ஊர்களில் இதுவும் ஒன்று என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். ஆக, தேடித்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்.

நேற்றுப் பகல் முழுக்க அந்தப் பூங்காவிலேயே கிடந்தேன். காலையில் சங்கத்துக்காரர்களோடு ஏரியைச் சுற்றினேன். மிதிபடகில் ஏறச் சொன்னார்கள். மிதவைச் சட்டையில் கொக்கி உடைந்திருக்கிறது, ஏறமாட்டேன் என்றேன். அதைக் கேட்டு ஏறி உட்கார்ந்திருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேலையில் இருந்த காலம் திரும்பி வந்தது போல இருந்தது. மரத்துக்கு மரம் தகரத்தில் எண் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கிழட்டு மரத்தின் வேர், நடைபாதைக் கல்லை அப்படியே தூக்கி நிறுத்தியிருக்கிறது. மதியம் அந்த வேரில் சாய்ந்து தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் சங்கத்தார் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முட்டி வலி, நீங்கள் போய்வாருங்கள், ஞாயிறு திரும்பும்போது ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

வெயில் இறங்கியதும் மைதானத்துக்குத் தள்ளுவண்டிகள் வர ஆரம்பித்தன. நீயும் வந்தாய். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாய். வண்டியைத் தள்ளும்போது உதட்டைக் கடிக்கிற பழக்கம் போகவில்லை. விளக்குகள் எரிந்தன, கூட்டம் சேர்ந்தது, மீன் பொரிகிற வாசனைக்கு என் வயிறே என்னைத் திட்டியது. கிட்டே வரத்தான் கால் வரவில்லை. சோளம் சுடுகிறவரின் குடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அங்கிருந்துதான் அதைப் பார்த்தேன். உன் வண்டிக்குப் பின்னால் நிற்கிற சிலிண்டரின் டியூப் வெடித்திருக்கிறது. ரெகுலேட்டரை ஒட்டி வளைகிற இடத்தில் ரப்பர் பிளந்து வாய் திறந்திருக்கிறது. அதன்மேல் நீ பிரஷ்ஷால் எதையோ பூசினாய். விரிசலை மறைக்க எதை எதையெல்லாம் பூசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தீத்தடுப்பு ஆய்வாளனின் மகள் செய்கிற காரியமா இது?

உன் கடையை மூட வரவில்லை. டியூபை மாற்று. இன்றைக்கே மாற்று.

அப்பா

*

பிப்ரவரி 12, வியாழன் பிற்பகல்

தீத்தடுப்பு ஆய்வாளர் (ஓய்வு) ஐயா அவர்களுக்கு,

தங்கள் அறிவிப்பு கிடைக்கப்பெற்றேன். ஜூஸ் அக்கா கையில் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும்வரை நகரவே இல்லை. "யாருடி அந்த மஞ்சத் தொப்பி?" என்று வேறு கேட்டாள்.

முதலில், அது என் சிலிண்டர் இல்லை. பக்கத்துக் கடை மீன் அண்ணனுடையது. காற்று அந்தப் பக்கமிருந்து அடிப்பதால் என் வண்டி மறைவில் வைத்துக்கொள்கிறார். என் சிலிண்டர் வண்டிக்கு அடியில், புது டியூபோடு, நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்க்க நீங்கள் குடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நான் பூசியது சோப்பு நுரை. வீட்டுச் சமையலறையில் மாசம் பிறந்தால் நுரையைத் தடவி, "குமிழி வருதா பாரு, குமிழி வருதா பாரு" என்று என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தது யார்? உங்களுக்கே நுரை தெரியவில்லை என்றால், என்மேல் உங்களுக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆமாம், குமிழி வருகிறது. கிளிப்பை இறுக்கினால் நிற்கிறது. சாயங்காலம் கடை போட்டதும் அண்ணன் மீன் கழுவப் போகிற நேரத்தில் இதைச் செய்துவிடுகிறேன். ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். "இது எங்கிட்ட பழகின டியூபும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்துவிட்டார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. நான் இந்த ஊருக்கு வந்தபோது சந்தைக் கமிட்டிக்காரர்கள் புதுக் கடைக்கு இடமே இல்லை என்றார்கள். மீன் அண்ணன் தன் மேசையை ஓரமாக நகர்த்தி, "பாதி இடத்துல நீ நில்லும்மா" என்றார். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நெருப்பு விஷயமாக ஒரு புகார் போனால் கமிட்டி இடத்தைப் பறித்துவிடும். திரும்பத் தரமாட்டார்கள். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். நம் ஊரில் நான் வைத்திருந்த கடையின் பின்கதவை மாவு மூட்டை மறைத்திருந்தது என்று பூட்டி அரக்கு வைத்தீர்கள். ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். மூட்டையைத் தூக்கிப் போட அது போதும். "ரூல்னா ரூல்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். பெற்ற மகள் என்றும் பார்க்காத நேர்மை என்று ஊரே கைதட்டியது. கைதட்டலைக் கேட்டுக்கொண்டேதான் நான் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பிப்ரவரி 13, வெள்ளி காலை

மகளுக்கு,

சோப்பு நுரை என்று படித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன். மூக்குக் கண்ணாடியை லாட்ஜில் வைத்துவிட்டுச் சந்தைக்கு வந்தது என் தப்பு. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குமிழி வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் எப்படி உனக்குத் தூக்கம் வருகிறது? பிளந்த ரப்பரில் கிளிப்பை இறுக்க இறுக்க அது இன்னும் அறுத்துக்கொண்டு போகும். உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. "பழகின டியூப்" என்கிற வசனத்தை வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். நாய் பழகும். ரப்பர் பழகாது. இந்தப் பக்கம் கொதிக்கிற எண்ணெய், எதிரே சோளக்காரரின் திறந்த கரி அடுப்பு, நடுவில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம். நாளை சனிக்கிழமை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சந்துக்குள் கால் வைக்க இடமிருக்காது என்று லாட்ஜ் மேனேஜர் சொல்கிறார். அந்தச் சந்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கப்போவது நீ.

மீன்கடைக்காரர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் பூட்டிய கடைக்காரர்களில் பாதிப்பேர் தங்கமானவர்கள்.

ஒரு மணி நேரம் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, உனக்கும் கொடுக்கவில்லை. நாளைக்கு அப்படியொரு கடை, அப்படியொரு கதவு என்றால் அதையேதான் செய்வேன். வருத்தம் இல்லையா என்று கேட்காதே, அது வேறு விஷயம்.

ஆனால் இந்த மீன்கடைக்காரருக்கு நாளை மாலை ஆறு மணிவரை நேரம் தருகிறேன். கமிட்டி ஆபீஸ் அதுவரை திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டேன். காலம்போன காலத்தில் நானும் கெட்டுப்போகிறேன். அதற்குள் நீ சொல்லி அவர் மாற்றினால், நான் வந்த தடமே தெரியாமல் போய்விடுவேன். இல்லையென்றால் ஆறு மணிக்கு அந்தப் படியில் ஏறுவேன்.

அப்பா

*

பிப்ரவரி 14, சனி காலை

முன்பின் தெரியாத மீன்காரருக்கு முழுதாக ஒரு நாளைக்கு மேல். பெற்ற மகளுக்கு ஒரு மணி நேரம் இல்லை. இதை எழுதிவிட்டு ஒரு தடவையாவது படித்துப் பார்த்தீர்களா?

நேற்று மாலை நீங்கள் செய்தது என்ன வேலை? தொப்பியும் அதுவுமாக வந்து சிலிண்டர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு சூப்" என்றீர்கள். கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரு கை கிண்ணத்தில், ஒரு கை ரெகுலேட்டர் திருகில். எழுந்திருக்கவே இல்லை. உட்கார இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். மீன் அண்ணன் என் காதோரம் வந்து, "யாரும்மா அந்தப் பெரியவரு, சிலிண்டரைத் தூக்கிட்டுப் போயிடுவாரு போலிருக்கே" என்றார்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

அது உங்கள் காதில் விழுந்தது. கிண்ணத்தை வைத்த விதத்தில் தெரிந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு, கடை கட்டும்வரை யாருக்கு எவ்வளவு மீதி கொடுத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எது வைத்தாலும் உப்பு கம்மி, உறைப்பு ஜாஸ்தி என்று ஏதாவது சொல்லாமல் எழுந்ததே கிடையாது நீங்கள். நேற்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

ஒன்று சொல்கிறேன், இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்த டியூபுக்குப் பயப்படாமல் இல்லை. தியேட்டருக்குப் போனால் படம் ஆரம்பிக்கிறதோ இல்லையோ, எந்தக் கதவு திறக்கும் என்று என் கண் தேடுகிறது. பஸ்ஸில் அவசர வழியை மறைத்து மூட்டை வைத்திருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். எல்லாம் தெரிகிறது எனக்கு. வாயைத் திறந்தால் உங்கள் குரல் வந்துவிடுமோ என்றுதான் மூடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த ஊரில் ஒரு சிநேகிதர் உண்டா? கல்யாண வீட்டில் நீங்கள் உட்கார்ந்தால் பந்தியில் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். எனக்கு இங்கே அண்ணன் இருக்கிறார், ஜூஸ் அக்கா இருக்கிறாள், சோளக்காரர் கடை கட்டும்போது ஒரு சோளம் எடுத்து வைப்பார். இதை நான் இழக்கமாட்டேன்.

கமிட்டிக்குப் போகாதீர்கள். போனால் எனக்கு அப்பா இல்லை. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

*

பிப்ரவரி 14, சனி மதியம்

மகளுக்கு,

உப்பு சரியாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

ஜூஸ் அம்மாவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். புது டியூப், கிளிப், ரெகுலேட்டருக்கு வாஷர். நல்ல சரக்கு, கடைக்காரனை நான்கு தடவை மாற்றித் தரச் சொல்லி வாங்கினேன். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

ஆறு மணி என்றது ஆறு மணிதான். அப்பா இல்லை என்று சொல்லிக்கொள். உயிரோடு இருந்து சொல்.

*

பிப்ரவரி 15, ஞாயிறு காலை

அப்பா,

நீங்கள் கமிட்டி ஆபீசுக்குப் போனீர்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. போயிருந்தாலும் அங்கே உங்களுக்கு வேலை இருந்திருக்காது. எல்லாம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மீன் அண்ணனிடம் போனேன். வண்டியெல்லாம் வந்து நின்றுவிட்டது, கூட்டம் இன்னும் வரவில்லை. "அண்ணே, இதை மாத்திடலாம். நானே மாத்தித் தரேன்" என்றேன். சிரித்தார். "நாளைக்குப் பார்ப்போம்மா, சனிக்கிழமையும் அதுவுமா" என்றார். தீப்பெட்டியை எடுத்தார். நான் குனிந்து சிலிண்டர் திருகை மூடி, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா பண்றே?"

"இன்னைக்கு இதைப் பத்த வைக்க வேண்டாம்ணே."

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா?"

"எங்கப்பா."

"அந்தத் தொப்பிக்காரரா? தெரியாதுன்னியே."

அவர் என் கையை விலக்கப் பார்த்தார். நான் விடவில்லை. "பத்த வெச்சீங்கன்னா நானே கமிட்டிக்குப் போவேன்" என்றேன். சத்தியமாக அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்தது. உங்கள் குரலேதான், அதே ஏற்ற இறக்கம். சோளக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டார். சந்து முழுக்க எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் மேசையைப் பிடித்து, முதலில் எங்கே இருந்ததோ அங்கே, நடுவில் இழுத்துப் போட்டார். "உங்க வண்டியை எடுத்துக்குங்கம்மா" என்றார். இத்தனை நாளில் என்னை வாங்க போங்க என்று அவர் கூப்பிட்டதே இல்லை.

பொட்டலத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கோடியில், பூங்காச் சுவரோரம் போய் நின்றேன். அங்கே விளக்குக் கம்பம் கிடையாது. அண்ணன் வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். அப்புறம் பழைய டியூபைக் கழற்றி, சுருட்டித் தூக்கிப் போடப் போனார். வளைத்தபோது அது கையிலேயே இரண்டாகப் போய்விட்டது. இரண்டு துண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். நான் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. புது டியூபை மாட்டி, கூட்டம் பாதி சேர்ந்த பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார். நன்றாக வியாபாரம் ஆனது.

என் கடைக்கு யாரும் வரவில்லை. அந்த இருட்டில் கடை இருப்பதே தெரியாது. சோளக்காரர் என் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், சுற்றிக்கொண்டு போனார். ஜூஸ் அக்கா மட்டும் வந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "நீ செஞ்சது சரிதான்டி, ஆனா இப்படி எல்லார் முன்னாலயும் செய்யணுமா?" என்றாள். பானை நிறைய மிச்சம். சாக்கடையில் ஊற்றினேன்.

நான் சரியாகத்தான் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியும் ராத்திரி முழுக்க அழுதேன். அப்பா, நீங்கள் தினம் தினம் இதைச் செய்துவிட்டு எப்படி வீட்டுக்கு வந்தீர்கள்? எப்படிச் சாப்பிட்டீர்கள்? எனக்கு ஒரு நாளே முடியவில்லை.

*

பிப்ரவரி 15, ஞாயிறு மாலை

என் குட்டிக்கு,

நேற்று ஆறு மணிக்குக் கமிட்டி ஆபீஸ் படியில் நின்றிருந்தேன். கதவைச் சாத்துகிறவர், "என்ன வேணும் பெரியவரே?" என்றார். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் படியில் ஏறியவன் எப்படி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அதற்குள் நீ எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தாய் என்பது இன்று காலை உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

நீ கேட்டதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உன் அம்மாகூட. அவள் நான் கல்லால் செய்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கடையைப் பூட்டிவிட்டு வருகிற நாளில் நான் நேர்வழியில் வரமாட்டேன். அந்தக் கடைக்காரர் வீட்டு வாசலைக் கடக்கக் கூடாது என்று மில் ரோட்டைச் சுற்றி வருவேன். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகும். காசை வைத்துவிட்டுப் பாதி டீயில் எழுந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து பெல் அடிப்பேன். நீ ஓடிவந்து கதவைத் திறப்பாய். என் தொப்பியைப் பிடுங்கி உன் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு யாரைப் புடிச்சீங்க?" என்று கேட்பாய். காது வரைக்கும் மறைக்கும் தொப்பி. அப்புறம் எனக்குப் பசிக்கும். சாப்பிடுவேன். அப்படித்தான் வந்தேன், அப்படித்தான் சாப்பிட்டேன்.

உன் கடையைப் பூட்டிய அன்றைக்கும் பெல் அடித்தேன். சாவி பையில் இருந்தது. இருந்தும் அடித்தேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

மீன்கடைக்காரர் எப்போது பேசுவார் என்று எனக்குத் தெரியாது. பேசாமலே போனவர்களும் உண்டு. பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு வராது.

சங்கத்து பஸ் இப்போதுதான் லாட்ஜ் வாசலில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. முட்டி வலி இன்னும் குறையவில்லை, நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லியனுப்பினேன். உன் அம்மாவுக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு, நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இன்றைக்கும் அந்தச் சுவரோரம்தானே கடை? விளக்கு இல்லை என்று எழுதியிருந்தாய். ஆய்வுக்குப் போகும்போது கொண்டுபோகிற டார்ச் என்னிடம் இருக்கிறது, இந்த டூருக்கும் எடுத்து வந்திருக்கிறேன். நீ சூப் ஊற்று. நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா